அக்கா தைத்த முதல் வார்

அக்கா எங்களை விட்டுப் போய் இன்று முப்பத்தொரு நாள். அந்தியேட்டிக் கிரியைகளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினருக்கும் நண்பருக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படியான மலர்களில் நீங்கள் வாசித்துப் பழகிய கட்டுரையாக இது இராது. அப்படி இருக்கக் கூடாது என்பது அக்காவின் கட்டளை. இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு, ஒரு ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி அவர் சொன்னதை அன்றே நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

“உன்ர கொப்பியளில இருக்கிறதை எழுது. ‘இல்லறம் நல்லறமாக நடந்தது’ எண்டு எழுதினியெண்டால், பெட்டிக்குள்ளால எழும்பி வந்து குத்தூசியால குத்துவன்.”

“எல்லாத்தையுமோ, அக்கா?”

“ஓம். நீ சொன்ன பொய்யையும் சேர்த்து.”

அவரது மகள் ஆரணியும் இதற்குச் சம்மதம் தந்திருக்கிறார். ஆகவே எழுதுகிறேன்.

அக்கா வடமராட்சியில், பள்ளிக்கூட எழுதுவினைஞர் ஒருவரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் அவருக்கு ஏழு வயது இளையவன். எங்களுக்கு இடையில் வேறு பிள்ளைகள் இல்லை. அக்காவுக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது எங்கள் கிணற்றடியில் ஒரு ஷெல் விழுந்தது. அப்பா அப்போது அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தார். புகை அடங்கியதும் அக்கா அம்மாவை அறைக்குள் இருத்திக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு வாளியும் ஒரு சாக்கும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். என்னை வேலிப் பக்கமாகத் தேடச் சொன்னார். நான் தேடினேன்.

“கண்டனியோ?”

“ஓம்.”

“கொண்டா. பாராதை. கொண்டா.”

நான் பார்த்தேன். என் முதல் கொப்பியின் முதல் வரி அன்று எழுதியது. அதற்குப் பின் ஒரு நாளும் எழுதாமல் விட்டதில்லை.

இரண்டு வருடம் கழித்து, இடம்பெயர்ந்து போகும் வழியில், ஒரு சோதனைச் சாவடியில் என்னை வரிசையிலிருந்து இழுத்தார்கள். அக்கா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். விடச் சொன்னார்கள். விடவில்லை. துவக்கின் அடிக்கட்டையான பிடங்கால் அவரது இடது தோளில் அடித்தார்கள். காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது அடியிலும் விடவில்லை. மூன்றாவது அடிக்கு முன் பின்னால் நின்ற கிழவிகள் எல்லோருமாகக் குழறத் தொடங்க, எங்களைப் போகச் சொன்னார்கள். அந்த எலும்பை நிமிர்த்தி வைக்க அப்போது வைத்தியர் இல்லை. அது கோணலாகவே பொருந்தியது. சேலை கட்டினாலும் சட்டை போட்டாலும் அக்காவின் இடது தோளில் ஒரு சிறு மேடு தெரியும். பலரும் பார்த்திருப்பீர்கள்.

இருபத்தேழாவது வயதில் அக்காவுக்குத் திருமணமானது. அத்தான் அப்போதே நியூசிலாந்தில், ஓக்லண்டில் இருந்தார். படித்தவர். எல்லர்ஸ்லியில் ஒரு கம்பெனியில் கணினி வேலை. பாபகூராவில் மோர்ட்கேஜில் வாங்கிய வீடு. கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர். இந்த மலரை வாசிப்பவர்களில் பாதிப் பேர் அவர் கையால் பிரசாதம் வாங்கியவர்கள். எட்டு வருடம் கழித்து அக்காதான் எனக்கு விசா எடுத்து என்னை இங்கே கூப்பிட்டார்.

நான் இங்கே வந்த பிறகு என் நாட்குறிப்பில் பதினான்கு இடங்களில் இப்படி இருக்கிறது. மூன்றை மட்டும் அப்படியே தருகிறேன்.

“திங்கள். அக்காவின் மேலுதடு வெடித்திருக்கிறது. அலுமாரிக் கதவு என்றார்.”

“வெள்ளி. அக்காவுக்கு வலது காது கேட்கவில்லை. சளி என்றார்.”

“ஞாயிறு. ஆரணியின் பிறந்தநாள். கேக் வெட்டும்போது அக்காவின் மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்திருந்தது. சுடுதண்ணீர் ஊற்றுப்பட்டது என்றார். சுடுதண்ணீர் மணிக்கட்டைச் சுற்றி வளையமாகப் படாது.”

எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். பதினான்கு தடவையும் அதைத்தான் செய்தேன். ஒரு தடவை மட்டும், “ஆரணியின்ர படிப்பு முடியட்டும், அக்கா, பேந்து ஏதாவது யோசிப்பம்” என்று சொன்னேன். அப்போது ஆரணிக்கு ஆறு வயது.

இனித் தோல் வேலைக்கு வருகிறேன். அக்காவை இந்த நாட்டுக்காரர் பலருக்குத் தெரிந்தது அதனால்தான்.

அக்கா பாபகூராவில், படகுகளுக்கும் கார்களுக்கும் இருக்கை உறை தைக்கும் ஒரு பட்டறையில் மெசின் ஓட்டினார். பக்கத்து மெசினில் மெரே என்ற மாவோரிப் பெண். வார இறுதியில் மான் வேட்டைக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் போகிறவர். அக்காவுக்கு ஐம்பத்தொரு வயதான வருடம், அத்தானின் அலுவலகத்தில் நான்கைந்து பேர் வேட்டைக்குப் போகத் தொடங்கினார்கள். அத்தானுக்கும் ஆசை வந்தது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் நானும் இருந்தேன்.

“வேலையில ஒருத்தன் துவக்குக்குத் தோல் வார் போட்டிருக்கிறான். நல்ல வடிவு. நீ மெசின் ஓட்டுறனிதானே, எனக்கும் ஒண்டு தை” என்றார் அத்தான். “பிடங்குக்குத் தோட்டா செருகிற உறையும் வேணும்.”

“துவக்கு இன்னும் வாங்கேல்லையே” என்றார் அக்கா.

“துவக்கு வரும். நீ சொன்னதைச் செய்.”

மறுநாள் அக்கா மெரேயிடம் கேட்டிருக்கிறார். மெரே, “ஏன், உன் புருஷனுக்குக் கை இல்லையா?” என்றாராம். “இருக்கு. அதுதான் கரைச்சல்” என்று அக்கா சொன்னாராம். மெரே சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் ரைபிளின் வாரை அடுத்த நாள் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். தைத்துக் காட்டவில்லை. “பார். அள. மிச்சத்தை நீயே பிடிப்பாய்” என்றாராம்.

முதல் வாரைப் பட்டறையில் மிஞ்சிய இருக்கைத் தோலில், இரண்டாக மடித்து மெசினில் தைத்தார். வீட்டில் துவக்கு இல்லாததால் ஒரு மரச் சட்டத்தில் இரண்டு செங்கல்லைக் கட்டி, நான்கரைக் கிலோ வரும்படி செய்து, அதில் வாரைப் பூட்டித் தன் கோணல் தோளில் மாட்டிக்கொண்டு கொல்லையில் உடுப்புக் காயப்போடும் கம்பியைச் சுற்றி நடந்தார். அந்த ஒரு பிற்பகலில் வார் நாற்பது மில்லிமீற்றர் இழுபட்டது. இருக்கைத் தோல் மெத்தென்று இருக்கப் பதனிட்டது. சுமை தாங்காது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட விறைப்பான தோல் வேண்டும், அதிலும் மாட்டின் வயிற்றுப் பக்கம் இழுபடும், முதுகுப் பக்கம்தான் நிற்கும் என்று கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது.

இரண்டாவது வாரை நல்ல தோலில் வெட்டி, பழக்கத்தில் மெசினிலேயே தைத்தார். மெசின் ஊசித் துளைகள் நெருக்கமாக விழுந்து, வளையம் பூட்டிய இடத்தில் முத்திரை கிழிப்பது போலக் கிழிந்தது. மூன்றாவதைக் கையால் தைத்தார். துளைகளுக்கு அடையாளமிட வீட்டு முள்ளுக்கரண்டியைத் தோலில் அழுத்தி அழுத்திக் கொண்டு போனார். நான்கு மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி. ஒவ்வொன்றையும் குத்தூசியால் துளைத்தார். மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக இரண்டையும் விட்டு இழுத்தார். இப்படித் தைத்தால் ஒரு பக்க நூல் அறுந்தாலும் மற்றப் பக்க நூல் விடாது. விளிம்பை ஈரத் துணியால் நனைத்து அகப்பைக் காம்பால் தேய்த்தார். அது கண்ணாடி போல வந்தது.

பிடங்கு உறையில் ஐந்து தோட்டாவுக்கு ஐந்து மடிப்பு. முதலில் தோலைக் காய்ந்தபடியே இறுக்கித் தைத்துவிட்டார். செருகிய வெற்றுத் தோட்டா பிறகு வெளியே வரவில்லை. குறட்டால் இழுக்க வேண்டியிருந்தது. அடுத்ததில் தோலை நனைத்து, தோட்டாவைச் செருகியபடியே காயவிட்டார். அளவாக வந்தது. உறையின் அடிப்பக்கத்தைத் துளையிட்டுச் சப்பாத்துக் கயிறு போலப் பின்னினார். எந்தப் பிடங்குக்கும் இறுக்கிக் கட்டலாம்.

அந்தச் சனிக்கிழமை நான் போனபோது கராஜில் இருந்தார்.

“தம்பி, உந்த நுனியைப் பிடி. அளந்து சொல்லு.”

அளந்தேன். “இந்தப் பக்கம் முப்பத்திரண்டு. அந்தப் பக்கம் முப்பத்தொண்டரை. அரை மில்லிமீற்றர் குறையுது, அக்கா.”

“உனக்கு அரை மில்லிமீற்றர் கூடக் கண்ணில படும், என்ன?”

அன்று அவரது கழுத்தில் நான்கு விரல் அடையாளம் இருந்தது. நான் அடிமட்டத்தின் மில்லிமீற்றர் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கிழமை அத்தான் ஒரு படிவத்துடன் பாபடோயிட்டோயில் என் வீட்டுக்கு வந்தார். இந்த நாட்டில் துவக்கு லைசன்ஸ் கேட்டால், கேட்பவரைப் பற்றி இரண்டு பேரிடம் பொலிஸ் விசாரிக்கும். ஒருவர் வீட்டில் கூட இருப்பவர். மற்றவர் உறவினராக இருக்கக் கூடாது.

“மற்ற ஆளா உன்னைப் போடுறன்” என்றார்.

“நான் சொந்தமெல்லோ, அத்தான்?”

“ஆருக்குத் தெரியும்? உன்ர பேருக்குப் பின்னால உன்ர அப்பாவின்ர பேர். அவளின்ர பேருக்குப் பின்னால என்ர பேர். உவங்கள் ஏழு சென்மத்துக்கும் கண்டுபிடிக்க மாட்டாங்கள். ‘நண்பர்’ எண்டு போடு.” சிரித்தார். “எங்கட ஆக்களின்ர பேரில இப்பிடி ஒரு வசதி இருக்குது பார்.”

அக்காவின் புருஷன் கேட்டால் மறுக்கக் கூடாது. நானும் சிரித்தேன். ‘உறவு’ என்ற கட்டத்தில் ‘நண்பர்’ என்று என் கையால் எழுதினேன்.

சனிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு ஒரு பெண் பொலிஸ் உத்தியோகத்தர் என் வீட்டுக்கு வந்தார். எத்தனை வருடப் பழக்கம், குடிப்பாரா, கோபக்காரரா, வீட்டில் யாரையும் அடித்ததாக அறிந்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை என்றேன். கொப்பிகள் அடுக்கியிருக்கும் அலுமாரி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பதினெட்டு நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு அவர் அக்காவிடம் போனார். அத்தான் வேலையில். நடந்ததை அக்கா பிறகு சொன்னபடி எழுதுகிறேன். அன்று முடித்திருந்த வார் மேசையில் கிடந்தது. உத்தியோகத்தர் அதை எடுத்துப் பார்த்து, நல்ல வேலை என்றிருக்கிறார். துவக்கை வைத்துப் பூட்டக் கராஜில் பொருத்தியிருந்த பெட்டகத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, “இந்த வீட்டுக்குள் ஒரு ரைபிள் வந்தால் உங்களுக்குப் பயமாக இருக்குமா?” என்று கேட்டிருக்கிறார்.

அக்கா எழும்பித் தேநீர் போட்டிருக்கிறார். வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்று எங்கள் எல்லோரையும் போலத்தான் அவரும் வளர்ந்தவர். தேநீரை வைத்துவிட்டு, “மற்ற ஆள் என்ன சொன்னவர்?” என்று கேட்டிருக்கிறார். அவருக்கு ஒரு கவலையும் இல்லை என்றிருக்கிறார் உத்தியோகத்தர்.

“அப்ப எனக்கு விசர் வந்திட்டுது” என்றார் அக்கா என்னிடம். “அந்தாள் அடிச்சதுக்குக்கூட எனக்கு அப்பிடி வந்ததில்லை.”

சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, கன்றிப்போன இடங்களைக் காட்டிவிட்டு, “பயமாக இருக்கும். மற்ற ஆள் நண்பர் இல்லை. என் தம்பி. அவனுக்கு எல்லாம் தெரியும். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான்” என்று சொல்லிவிட்டார்.

வியாழன் மாலை அதே உத்தியோகத்தர் என் வாசலில் நின்றார். “உங்களிடம் நாட்குறிப்புகள் இருக்கின்றனவாமே?”

“அவை தமிழில் இருக்கின்றன” என்றேன்.

“பரவாயில்லை. வாசித்துச் சொல்லுங்கள்.”

வாசித்தேன். பதினான்கையும் தேடி எடுத்து ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க ஐம்பது நிமிடம் ஆனது. என் மனைவி சாந்தி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் உத்தியோகத்தர் கேட்டார்: “ஒவ்வொன்றிலும் ‘என்றார்’ என்று வருகிறது. அவர் சொன்னதை நீங்கள் நம்பினீர்களா?”

“இல்லை.”

அதையும் எழுதிக்கொண்டார். பொய் சொன்னதற்காக எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அது கொப்பியில் ஒட்டியிருக்கிறது.

அக்காவை அன்றே வீட்டை விட்டு வரச் சொன்னார்கள். முறைப்பாடு எழுதித் தரச் சொன்னார்கள். ஆரணிக்குப் பல்கலைக்கழகப் பரீட்சை முடிய மூன்று கிழமை இருக்கிறது, அதற்குப் பிறகு என்றார் அக்கா. ஒரு நம்பர் எழுதிய அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நானும் வற்புறுத்தவில்லை. ‘படிப்பு முடியட்டும்’ என்பது நான் கற்றுக் கொடுத்த பாடம்.

அந்த மூன்று கிழமை முடியும் முன்பே, லைசன்ஸ் மறுத்த கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வெயில் காலம். மாலை ஐந்து ஐம்பது. அக்கா கராஜில் மெரேக்காக ஒரு பிடங்கு உறை தைத்துக்கொண்டிருந்தார். ஆரணி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். அத்தான் கடிதத்துடன் உள்ளே வந்து, கராஜ் கதவு மூடியிருப்பதைப் பார்த்துக்கொண்டு, தனக்காகத் தைத்து ஆணியில் தொங்கிய வாரை எடுத்தார்.

முதல் அடியைப் பித்தளை வளையம் உள்ள முனையால் முகத்தில் அடித்தார். இடது கன்ன எலும்பு உடைந்தது. அடுத்த அடிகளை அக்கா வலது கையால் தடுத்தார். மோதிர விரலும் சின்ன விரலும் உடைந்தன. விழுந்தவரை முதுகில் உதைத்தார். பிறகு முழங்காலை முதுகில் ஊன்றி, வாரைக் கழுத்தில் சுற்றிப் பின்னால் இழுத்தார். “எனக்கு எதிரா வாய் திறக்கிறியோ? இப்ப திற பாப்பம்” என்று சொல்லிச் சொல்லி இழுத்தார் என்பது ஆரணி நீதிமன்றத்தில் சொன்னது.

ஆரணி சோற்றுப் பானையோடு ஓடிவந்து தகப்பனின் முதுகில் அடித்தார். அத்தான் ஒரு கையால் தள்ளிவிட, சுவரில் மோதி விழுந்தார். விழுந்த இடத்தில் கராஜ் கதவின் பொத்தான் இருந்தது. ஆரணி அதை அழுத்தினார். அந்தக் கதவு முழுவதும் மேலே போகப் பதினெட்டு விநாடி எடுக்கும். நான் பிறகு போய்க் கணக்கெடுத்துப் பார்த்தேன். வெளிச்சம் தரையிலிருந்து மேலே ஏறிக்கொண்டு வர, அக்காவின் இடது கை மேசைக் காலடியில் விழுந்து கிடந்த குத்தூசியைக் கண்டுபிடித்தது. அதைப் பின்பக்கமாக வீசி, அத்தானின் தொடையில் பிடி வரைக்கும் இறக்கினார். வார் தளர்ந்தது. அக்கா தவழ்ந்து வாசல் கொங்கிரீற்றில் போய் விழுந்தார்.

எதிர்வீட்டுச் சமோவாக்காரர் கார் கழுவிக்கொண்டிருந்தவர், குழாயைப் போட்டுவிட்டு ஓடி வந்து, அத்தானைக் குப்புறத் தள்ளி அவர்மேல் ஏறி உட்கார்ந்தார். பொலிஸ் வரும்வரை எழும்பவில்லை. தெருவில் இரண்டு பக்கமும் சனம் நின்று பார்த்தது.

நான் மருத்துவமனைக்குப் போனபோது அக்காவின் ஒரு கண் மூடியிருந்தது. மற்றக் கண்ணின் வெள்ளை முழுவதும் சிவப்பு. கழுத்தில் முப்பத்திரண்டு மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டி. குரல் இல்லை, காற்று மட்டும் வந்தது.

“தம்பி.”

“என்னக்கா?”

“வார் அறுந்ததோ?”

“இல்லை. பொலிஸ் கொண்டு போட்டுது. நான் பார்த்தனான்.”

“தையல்?”

“ஒண்டும் விடேல்லை.”

“பின்னை வேலை சரிதான். சிரிப்புக் காட்டாதை, நோகுது” என்றார். நான் சிரிக்கவில்லை.

வழக்கு நடந்தது. என் கொப்பிகளை மொழிபெயர்த்து வாசித்தார்கள். அத்தான் சிறை போனார். இன்று அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை. அந்த நாட்களில் எங்களுக்கு வந்த தொலைபேசி அழைப்புகளையும் எழுதி வைத்திருக்கிறேன். “ஒரு நாள் கை நீட்டினதுக்குப் பொலிசோ?” “கோயில்ல எப்பிடித் தலை காட்டுறது?” “பொம்பிளை துவக்குக்கு வார் தைச்சால் வேற என்ன நடக்கும்?” யார் யார் என்பதை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அக்கா சொன்னார். அவரது இரக்கம் அவ்வளவுதான். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை.

அக்காவும் ஆரணியும் என் வீட்டுக்கு வந்தார்கள். காரை வெளியே நிறுத்திவிட்டுக் கராஜைக் கொடுத்தேன். வலது கையின் இரண்டு விரலும் அதன் பிறகு மடியவில்லை. தோலை முழங்கால்களுக்கு இடையில் ஒரு மரக் கவ்வியில் இறுக்கிக்கொண்டு, மூன்று விரலால் ஊசி பிடிக்கப் பழகினார். முதல் மாதம் ஒரு சாணுக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. மெரே தன் வேட்டைக் கூட்டாளிகளை ஒவ்வொருவராக அனுப்பினார். வார், பிடங்கு உறை, தோட்டாப் பை. வேறு எதுவும் செய்யவில்லை.

“அம்மா, ப்ளீஸ், ஹேண்ட்பேக் செய்யுங்கோ. துவக்குச் சாமான் வேண்டாம்” என்று ஆரணி எத்தனையோ தரம் கேட்டார்.

“ஹேண்ட்பேக் எந்தப் பாரம் தாங்கும் எண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை. இது தெரியும்.”

தூரத்து மாமி ஒருவர் துக்கம் விசாரிப்பது போல வந்து, கராஜை எட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்தார். “தோல் வேலையோ? எங்கட ஆக்கள் செய்யிற வேலையோ இது?”

“உங்கட கையில தொங்கிறது என்ன, மாமி?” என்றார் அக்கா. “கத்தரிக்காயில செய்ததோ?”

மாமி கைப்பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

அக்காவிடம் ஒரு விதி இருந்தது. வார் வாங்க வருபவர், வீட்டில் கூட இருப்பவரையும் அழைத்து வர வேண்டும். வராவிட்டால் வார் கிடையாது. வந்தால், வாங்குபவரைத் தெருவில் நிற்க வைத்துவிட்டு, கூட வந்த பெண்ணைக் கராஜுக்குள் கூப்பிட்டு, செங்கல் கட்டிய அதே சட்டத்தை வாரில் பூட்டி அவரது தோளில் மாட்டி, உயரம் சரி பார்ப்பார். பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில், அந்த உத்தியோகத்தர் தன்னிடம் கேட்ட கேள்வியை அப்படியே கேட்பார். பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டு “இல்லை” என்பார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டு வாரைச் சுருட்டிக் கொடுப்பார். ஏழு வருடத்தில் இரண்டு தடவை வாரைக் கொடுக்காமல் ஆணியிலேயே திரும்ப மாட்டினார். ஒரு தடவை அந்த மனிதர் கராஜுக்குள் வந்து மேசையில் குத்திக் கத்தினார். அக்கா குத்தூசியை எடுத்துத் தோல் துண்டொன்றில் நட்டுவிட்டு, “தையல் இன்னும் காயவில்லை” என்று மட்டும் சொன்னார். தையல் காய்வதில்லை. அந்த மனிதருக்கு அது தெரியாது. நான் உள்ளே இருந்து பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தேன். இந்தத் தடவை எடுத்தேன்.

அந்த மனிதருடன் வந்திருந்த பெண் அடுத்த வருடம் தனியாக வந்து அக்காவோடு தேநீர் குடித்துவிட்டுப் போனார். அக்காவின் இறுதிக் கிரியையில் மூன்றாவது வரிசையில் பச்சைக் கோட்டுடன் இருந்தவர் அவர்தான்.

முதன்முதலாகச் சரியாக வந்த அந்த வாரைப் பொலிஸ் கடதாசிப் பையில் போட்டுத் திருப்பித் தந்தபோது, எரித்துவிடுவார் என்று நினைத்தேன். விளக்கடியில் வைத்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தார். வளைந்திருந்த வளையத்தைக் கழற்றி வேறு பூட்டினார். மெரேயிடம் கொடுத்தார். “நல்ல தோல். பாவம், அது என்ன செய்தது? வேலைக்குப் போகட்டும்.” மெரே அந்த வாரோடுதான் இன்றும் மலைக்குப் போகிறார்.

புற்றுநோய் என்று தெரிந்தபோது அது ஈரலுக்குப் போய்விட்டிருந்தது. அக்கா ஐந்து மாதம் இருந்தார். கடைசி ஆறு கிழமை ஊசி பிடிக்க முடியவில்லை. கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல, மிச்சமிருந்த மூன்று வாரையும் ஆரணி தைத்து முடித்தார். “இழுத்துப் பிடி. இன்னும். தோலுக்கு நோகாது” என்பது அக்கா ஆரணியிடம் கடைசியாகத் தெளிவாகச் சொன்னது. ஐம்பத்தெட்டாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு, ஆரணியும் சாந்தியும் நானும் பக்கத்தில் இருக்க அக்காவின் மூச்சு நின்றது. உடம்பைக் கழுவிய தாதி தோளின் மேட்டைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். அது எனக்காக உடைந்தது என்றேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தன் வாரைக் கழற்றிக் கொண்டுவந்து, பிறகு ஏழு வருடமும் ஒவ்வொரு வியாழனும் வந்த மெரேக்கு. காரைக் கழுவாமல் விட்டு ஓடி வந்த எதிர்வீட்டுக்காரருக்கு. அக்காவின் வலியைக் குறைத்த தாதியருக்கும் வைத்தியருக்கும். வீட்டைத் திறந்து கொடுத்து, என் கொப்பிகளைக் கேட்ட அன்றிலிருந்து ஒரு வருடம் என்னோடு சரியாகக் கதைக்காமலும் இருந்த சாந்திக்கு. கிரியைகளை நடத்தித் தந்தவர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும். கடைசியாக, பெயரை எழுத அனுமதி இல்லாத அந்தப் பெண் உத்தியோகத்தருக்கு. அக்காவை இருபத்துநான்கு வருடம் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் கேட்காததை, முதல் தரம் பார்த்த அன்றே கேட்டவர் அவர்.

அந்தப் படிவத்தின் பிரதி இப்போது என் முன்னால் இருக்கிறது. நான் எழுதியதை அதில் இனி மாற்ற முடியாது. ஆகவே இங்கே திருத்தி எழுதி, எல்லோரும் பார்க்கக் கையெழுத்திடுகிறேன்.

உறவு: தம்பி.